பூட்டிய பாடம்

மெரெவாலேசி பதினான்கு வருடம் தீவுகளில் நர்ஸாக இருந்தவள். முதுகு விட்டுப்போன பிறகு தலைநகர் சுவாவில் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தாள். தூரத் தீவுகளில் ஒற்றை ஆளாக மருந்தகம் நடத்தும் நர்ஸுகளுக்கு இணையவழிப் பாடங்கள் தயாரிப்பது எங்கள் வேலை. பாடங்களை அவள் எழுதுவாள், படங்களை நான் வரைவேன். ஒன்பது வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தோம். அவள் கொண்டுவரும் மரவள்ளிக்கிழங்கை நானும், என் வீட்டு ரொட்டியை அவளும் தின்றோம்.

பாடத்துக்குக் குரலும் அவளுடையதுதான். சாமான் அறையில் பழைய மெத்தைகளை நிறுத்தி, அதற்குள் உட்கார்ந்து பதிவு செய்வாள். தகரக் கூரையில் மழை விழுந்தால் வேலை நின்றுவிடும். சுவாவில் மழை விழாத நேரம் எத்தனை? ஒரு பாடத்தைப் பதிந்து முடிக்க மூன்று நாள் ஆகும். ஆனால் அந்தக் குரலைக் கேட்டால் பாடம் மாதிரி இருக்காது. கூடப் பிறந்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது போல இருக்கும். "அவசரப்படாதே தங்கச்சி. முழுசா கேட்டுட்டு அப்புறம் அடுத்ததுக்குப் போ" என்பாள். தீவிலிருந்து வரும் நர்ஸுகள் அவளை முதல்முறை பார்க்கும்போதே கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். குரலை வைத்தே அடையாளம் தெரிந்துவிடும்.

திங்கட்கிழமை காலைதான் அவளுக்குப் பிடித்த நேரம். எந்தத் தீவில், எந்த நர்ஸ், எந்தப் பாடத்தை, எத்தனை மணிக்குத் திறந்தாள், எங்கே தட்டினாள் என்பதெல்லாம் பதிவாகி எங்களுக்கு வந்துவிடும். சிக்னல் இல்லாத தீவுகளில் டேப்லெட் அதைத் தன்னிடமே சேர்த்து வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும்போது அனுப்பும். டீ குடித்துக்கொண்டே அவள் அந்தப் பட்டியலைக் கடிதம் படிப்பதுபோலப் படிப்பாள். "இங்க பாரு சாமி, இந்தப் பொண்ணு குழந்தைக் காய்ச்சல் பாடத்தை மூணாவது தடவையாப் பாத்திருக்கா. என்ன அக்கறை!" என்று என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் காட்டுவாள்.

அந்தப் பட்டியல்தான் பூட்டுக்கும் காரணம். அரை மணி நேரப் பாடத்தைச் சிலர் நான்கு நிமிடத்தில் முடித்திருந்தார்கள். 'அடுத்து' பொத்தானை மடமடவென்று தட்டிக் கடைசிக்குப் போய், சான்றிதழை வாங்கிக்கொண்டார்கள். மெரெவாலேசிக்கு அது மனசு பொறுக்கவில்லை.

"நான் மெத்தைக்குள்ள வெந்துகிட்டுப் பேசறேன், இவங்க பேச்சையே கேக்காம ஓடறாங்க. பூட்டிடுவோம். பேச்சு முடியறவரைக்கும் 'அடுத்து' வேலை செய்யக் கூடாது."

அவள் எழுதியதை நான் படமாக்கினேன். பேச்சு முடியுமுன் தட்டினால் ஒரு சின்ன மஞ்சள் பூட்டு வந்து, மாட்டேன் என்று தலையை ஆட்டும். எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒருமுறை முழுப் பாடத்தையும் முடித்தவர்களுக்குப் பூட்டு கிடையாது. அவர்கள் எந்தத் திரைக்கும் நேராகப் போகலாம். அதனால் யாருக்கும் அது தவறாகப் படவில்லை.

அந்த வருடம் ஜூன் மாதம் எங்கள் பாடங்களையெல்லாம் ஒரு புதிய தளத்துக்கு மாற்றினோம். பழையது மெதுவாக இருந்தது. புதியதில் படங்கள் அசைந்தன, கேள்விகளை விரலால் இழுத்து அடுக்கலாம், ஒருவர் எங்கே தடுமாறுகிறார் என்று அதுவே கண்டுபிடித்துச் சொல்லும். ஒரே ஒரு குறை. பழைய தளத்தில் முடித்தவர்களின் சான்றிதழ் பத்திரமாக இருந்தது, ஆனால் பாடங்கள் அவர்களுக்கும் புதிதாகவே திறந்தன. முடித்தவர்களுக்கும் மறுபடி பூட்டு விழுந்தது. அதைச் சரிசெய்ய இன்னும் ஒரு மாதம் ஆகும் என்றார்கள்.

எங்கள் பிரிவின் தலைவி டோரீன் கூட்டத்தில் கேட்டாள்: "காத்திருக்கலாமா, இப்பவே விட்ருவமா?"

மெரெவாலேசிதான் பதில் சொன்னாள். "விடுங்க. இன்னொரு தடவை படிச்சா யாரும் தேஞ்சு போயிட மாட்டாங்க."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, அவள் டீயோடு பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள். நுகுதாவாத் தீவிலிருந்து ஒரு பதிவு. ஒன்பது நாள் பழசு, அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கு பற்றிய பாடம். பிற்பகல் ஒன்று ஐம்பத்திரண்டுக்குத் திறக்கப்பட்டிருந்தது. மூன்றாவது திரையில் மட்டும் முப்பத்தொரு தட்டு.

"யாரு இவ, பொறுமையே இல்லாதவ!" என்று சிரித்தாள். "பூட்டை ஒடைச்சிருவா போல. உன் பூட்டுக்குக் கழுத்து சுளுக்கியிருக்கும் சாமி."

புதன்கிழமை மதியம் மருத்துவத் துறையிலிருந்து மாதாந்திரச் சுற்றறிக்கை வந்தது. நுகுதாவாவில் பிரசவத்தில் ஒரு தாய் இறந்திருந்தாள். கெலேரா, வயது இருபத்துநான்கு, முதல் பிரசவம், குழந்தை நலம். திங்கட்கிழமை பார்த்த பதிவின் அதே தேதி போட்டிருந்தார்கள்.

மெரெவாலேசி அதை இரண்டு முறை படித்தாள். பிறகு பட்டியலைத் திறந்தாள். நான் அவள் பின்னால் போய் நின்றேன். ஒவ்வொரு திரையாக விரலை வைத்து இறங்கினாள். மூன்றாவது திரையில் முப்பத்தொன்று. நான்காவதில் பத்தொன்பது. அதன் பிறகு தட்டுகள் குறைந்துகொண்டே வந்தன. பூட்டு திறக்காது என்று புரிந்துகொண்ட கை அது. ஒன்பதாவது திரையில் நான்கு காரியங்களை வரிசையாக அடுக்கச் சொல்லும் கேள்வி. ஒருமுறை தப்பு. தப்பானால் பேச்சு மறுபடி முதலிலிருந்து ஓடும். இரண்டு மணி மூன்று நிமிடத்துக்குப் பதினான்காவது திரை. அதோடு பாடம் மூடப்பட்டிருந்தது.

பாடத்தில் மொத்தம் இருபத்துமூன்று திரை. பதினான்காவதில் இருப்பது மாத்திரை அளவு. ஊசிக்கு ரத்தம் நிற்காவிட்டால் எத்தனை மாத்திரை, எங்கே வைக்க வேண்டும் என்ற ஒரே ஒரு வரி.

"அவ படிக்கல சாமி," என்றாள் மெரெவாலேசி. "தேடியிருக்கா."

பதினோரு நிமிடம். அந்தப் பதினோரு நிமிடமும் அந்த நர்ஸிடம் யார் பேசிக்கொண்டிருந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் எழுந்து சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த அறையிலிருந்து சத்தம் வெளியே வராது, அதற்காகத்தானே மெத்தைகளை நிறுத்தியிருந்தோம். நான் கதவில் கைவைத்தபடி வெளியே நின்றேன்.

மறுநாள் அவள் டோரீனிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். நானும் கூடப் போனேன். டோரீன் கெட்டவள் இல்லை. படித்துவிட்டுக் காகிதத்தை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"விசாரணை முடிஞ்சு போச்சு வாலேசி. படகு இல்லாததாலயும் தூரத்தாலயும் நடந்துதுன்னு எழுதிட்டாங்க. அந்த நர்ஸ் டேப்லெட் பத்தி ஒரு வார்த்தை பேசல."

"அதான் நான் பேசறேன்."

"மாத்திரை கொடுத்திருந்தாலும் பொழைச்சிருப்பாளான்னு யாருக்கும் தெரியாது. உள்ள ஏதோ தங்கியிருந்துதாம். ஆபரேஷன் அறை வேணும். படகு இருந்தாக்கூட அஞ்சு மணி நேரம்."

"தெரியாதுல்ல? பொழைச்சிருக்க மாட்டான்னும் தெரியாதுல்ல?"

"பூட்டை எடுத்துரு. எல்லாப் பாடத்துலயும் எடுத்துரு. இந்தக் காகிதத்தை மேல அனுப்பித்தான் ஆகணுமா?"

"ஆகணும்."

டோரீன் அனுப்பினாள். இன்றுவரை அதற்குப் பதில் வரவில்லை.

அந்த வாரமே பூட்டுகளையெல்லாம் எடுத்தோம். அவசரத்துக்கென்று தனியாக ஒரே ஒரு திரை செய்தாள். டேப்லெட்டைத் தொட்டவுடன் முதலில் அதுதான் வரும். பேச்சில்லை, அசைவில்லை, கேள்வியில்லை. பெரிய எழுத்தில் மருந்தும் அளவும் மட்டும். செய்து முடிக்க அரை நாள் ஆனது. "அரை நாள்," என்று அவள் சொன்னாள்.

இதற்கிடையில் அடித்த காற்றில் செல்போன் கோபுரம் சாய்ந்துவிட்டதால், நுகுதாவாவின் டேப்லெட்டில் புதுத் திரையை நேரில் போய்த்தான் ஏற்ற வேண்டும். ஆகஸ்டில் கப்பல் போனபோது மெரெவாலேசியும் நானும் கிளம்பினோம். அவள் பையில் ஒரு திமிங்கலப் பல் இருந்தது. அவள் குலத்துப் பெரியவர்களிடம் விஷயத்தைச் சொல்லிக் கேட்டு வாங்கியிருந்தாள். மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை.

கப்பலில் ஒன்றரை நாள். அலையில் என் குடல் வெளியே வந்துவிட்டது. அவள் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவங்க என்ன திட்டினா நீ குறுக்க வராத சாமி."

"பூட்டை வரைஞ்சவன் நான். எனக்கும் பங்கு இருக்கு."

"நான் சொன்னதாலதான நீ வரைஞ்ச? நல்லாத்தான் வரைஞ்ச. அதான் பிரச்சனை" என்றாள். அந்தப் பயணத்தில் அவள் சிரித்த ஒரே தடவை அது. அதுவும் பாதியில் அழுகையாகிவிட்டது.

நர்ஸின் பெயர் சலனியேதா. முப்பது வயது இருக்கும். மருந்தகத்து வாசலில் எங்களுக்கு வணக்கம் சொன்னவள், மெரெவாலேசி பதில் சொல்ல வாய் திறந்ததும் முகம் மாறி ஒரு அடி பின்னால் போனாள். மற்ற நர்ஸுகள் கட்டிப்பிடித்த குரல் அது.

உள்ளே உட்கார்ந்தோம். பெட்ஷீட் எல்லாம் துவைத்து மடித்து, தரை பளபளவென்று இருந்தது. டேப்லெட் அலமாரிக்கு மேலே துணியில் சுற்றி இருந்தது.

மெரெவாலேசி நேராக விஷயத்துக்கு வந்தாள். "அன்னைக்கு மதியம் ஒண்ணு அம்பத்திரண்டுக்கு நீ பாடத்தைத் திறந்த. எனக்குத் தெரியும்."

சலனியேதா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"யார்கிட்டயும் சொல்லிராதீங்க அக்கா," என்றாள். "ஆறு வருஷமா நர்ஸு. மாத்திரை அளவு ஞாபகம் இல்லாம மெஷினைப் பாத்தாள்னு சொல்லுவாங்க. ஊசி போட்டேன். வயித்தை அமுக்கினேன். எல்லாம் சரியாத்தான் செஞ்சேன். அந்த மாத்திரைதான் புதுசு, போன தடவை வந்ததுலயிருந்து வேற அளவு. பிப்ரவரில பாடத்தை முடிச்சேன் அக்கா, தொண்ணூத்திரண்டு மார்க்கு. எங்க இருக்குன்னு தெரியும். நேரா போயிடலாம்னுதான் திறந்தேன்."

"தெரியும்மா."

"ஒரு கை அவ வயித்து மேல. இன்னொரு கையில ரத்தம். கட்டைவிரல் வழுக்குது, தட்டினா கேக்கல. பாவாடைல துடைச்சுத் துடைச்சுத் தட்டறேன். பூட்டு தலையை ஆட்டுது. நீங்க பேசறீங்க. 'அவசரப்படாதே தங்கச்சி'ங்கறீங்க." அவள் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "உங்களை அசிங்க அசிங்கமாத் திட்டினேன் அக்கா. வாய்விட்டுக் கத்தித் திட்டினேன். கெலேரா பயந்துட்டா. அவளைத்தான் திட்டறேன்னு நெனச்சு, 'நான் என்ன பண்ணேன்'னு கேட்டா. அதுக்கப்புறம் அவ பேசல."

மெரெவாலேசி நாற்காலியிலிருந்து இறங்கிக் கீழே, சலனியேதாவின் காலடியில் உட்கார்ந்தாள்.

"உன் தப்பு இல்லம்மா. முடிச்சவங்களுக்கும் பூட்டு விழும்னு எனக்குத் தெரியும். ஒரு மாசம் பொறுத்திருந்தா சரி பண்ணியிருக்கலாம். நான்தான் வேண்டாம்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன்."

சலனியேதா அலமாரிக்கு மேலே இருந்த டேப்லெட்டைப் பார்த்தாள். வெளியே ஒரு கோழி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

கடைசியில், "மாத்திரையைக் குடுத்தேன் அக்கா. அளவு சரியாத்தான் குடுத்தேன்" என்றாள். "நேரம்தான் ஆயிடுச்சு."

மாலையில் ஊர்ப் பெரியவரின் வீட்டில் பாய் விரித்தார்கள். கெலேராவின் கணவன் இலியேசா கதவோரம் உட்கார்ந்திருந்தான். தோள் அகலமான மீனவன், இருபத்தாறு இருபத்தேழு வயது. விருந்தாளிகளின் வழக்கப்படி முதலில், பானம் கலக்கும் யங்கோனா வேர்க்கட்டை வைத்தோம். பிறகு மெரெவாலேசி முழங்காலிட்டு, இரண்டு கையாலும் திமிங்கலப் பல்லை ஏந்தியபடி நடந்ததையெல்லாம் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. சலனியேதா மேல் குற்றம் இல்லை என்பதை மூன்று முறை சொன்னாள். "நான் செஞ்ச பாடம் உங்க பொண்ணோட நேரத்தைத் தின்னுருச்சு" என்றாள்.

வயசான பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். பெரியவர் பல்லைப் பார்த்துவிட்டு, கையை நீட்டி வாங்கிக்கொண்டார். வாங்கினால் மன்னித்ததாக அர்த்தம். சடங்குப்படி கைதட்டி முடித்தார்கள். யங்கோனா கலக்க ஆரம்பித்தபோது கதவோரம் காலியாக இருந்தது.

மறுநாள் காலை கரையில், படகுகள் இழுத்து வைத்திருந்த இடத்தில் இலியேசா வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். மெரெவாலேசி போய் எதிரில் நின்றாள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

அவன் தலை நிமிராமல் கேட்டான்: "எத்தனை நிமிஷம்னு சொன்னீங்க?"

"பதினொண்ணு."

"அந்த மெஷின்ல எழுதியிருக்கா?"

"இருக்கு."

அவன் ஊசியை வலையில் குத்தி நிறுத்தினான். "அன்னைக்குக் காலைல என் அண்ணன் படகை எடுத்துட்டு மீனுக்குப் போயிட்டான். போகாதடா, நாள் நெருங்கிருச்சுன்னு சொன்னேன். 'மதியத்துக்குள்ள வந்துருவேன்'னான். சாயந்திரம்தான் வந்தான். ரெண்டு மாசமா அவனைக் கொலைகாரன்னு சொல்லிட்டு இருக்கேன். ஊரே கேக்கற மாதிரி கத்தியிருக்கேன். அவன் பொண்டாட்டி கொண்டுவந்த சாப்பாட்டை அவ கண்ணு முன்னாடியே பன்னிக்குப் போட்டேன்."

"படகு இருந்தாலும் அஞ்சு மணி நேரம்னு டாக்டர் சொன்னாராம், தம்பி."

"என்கிட்டயும் சொன்னாங்க. காதுல ஏறல. யார் மேலயாவது போடணுமே." முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தான். "பெரியவங்க உங்க பல்லை வாங்கிக்கிட்டாங்க. நான் வாங்கல. அது உங்களுக்குத் தெரியணும்."

"தெரியுது."

"இனிமேலும் வாங்குவேனான்னு தெரியாது."

"சரிப்பா."

அவன் வலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தான். மணலைத் தட்டிக்கொண்டான். ஊருக்குள் போகும் பாதையில் நடந்து, கிணற்றுக்குப் பக்கத்தில் நீலக் கூரை போட்ட வீட்டு வாசலில் நின்றான். உள்ளே போகவில்லை, கூப்பிடவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஆள் வெளியே வந்தான். அதே அகலத் தோள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். பிறகு இலியேசா வாசற்படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"வா சாமி," என்றாள் மெரெவாலேசி. "நாம பாக்கக் கூடாது."

சுவாவுக்குத் திரும்பிய பிறகு அவள் மூன்று மாதம் வேலை செய்தாள். முப்பத்தொன்பது பாடங்களிலும் இருந்த தன் குரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, எழுத்தாக மாற்றினாள். குரலாவது இருக்கட்டும், நர்ஸுகள் கேட்கிறார்கள் என்று நான் கெஞ்சிப் பார்த்தேன். கேட்கவில்லை. கடைசிப் பாடமும் முடிந்த வெள்ளிக்கிழமை டோரீனிடம் ராஜினாமாவைக் கொடுத்துவிட்டுப் போனாள். சலனியேதாவும் வேலையை விட்டுவிட்டு லம்பாசாவில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். மெரெவாலேசி எழுதிய இரண்டு கடிதத்துக்கும் அவள் பதில் போடவில்லை.

அந்த அவசரத் திரையைப் பிறகு வேறு தீவுகளில் பதினேழு தடவை திறந்திருக்கிறார்கள். நான் பட்டியலை அச்செடுத்து அவளிடம் கொண்டுபோனேன். அவள் இப்போது நவுசோரியில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் இடத்தில் பகுதிநேர வேலை பார்க்கிறாள். காகிதத்தை வாங்கினாள், பார்க்கவில்லை, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். உடம்பு பாதியாகியிருந்தது.

"திரும்பி வந்துரேன் வாலேசி. புதுசா வந்த பொண்ணு நல்லா எழுதறா, ஆனா தீவு தெரியாது."

"தீவு தெரிஞ்ச நான் என்ன கிழிச்சேன்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வரிசையில் அம்மாக்கள் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அவள் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கெலேராவோட குழந்தைக்கு என்ன பேரு வச்சாங்கன்னு உனக்குத் தெரியுமா சாமி?"

"தெரியாதே. நீ கேக்கலையா?"

"ரெண்டு நாள் அந்த ஊர்ல இருந்தேன். நாம தங்குன வீட்டுக்குப் பக்கத்து வீட்டுலதான் குழந்தை அழுதுக்கிட்டு இருந்துது. கேக்க எனக்கு வாய் வரல."

அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். ஒரு அம்மா எழுந்து வந்தாள். மெரெவாலேசி கையைக் கழுவிவிட்டு, குழந்தையின் தொடையைப் பஞ்சால் துடைக்க ஆரம்பித்தாள்.